பன்னிரண்டு மணி நேரத்துக்குள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. கலியமூர்த்தியின் பட்டறையிலிருந்து போன ஒரு துண்டையாவது அளவு சரியில்லை என்று எந்தக் கம்பெனியாவது திருப்பி அனுப்பியிருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். முப்பத்தோரு வருஷத்தில் ஒன்றுகூடக் கிடையாது. இத்தனைக்கும் மனிதர் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதையும் முழுசாகப் படிக்கவில்லை. பதினாலு வயதில் செய்யாறு பக்கத்திலிருந்து வந்து, லேத்துக்கு அடியில் விழும் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளியவர், இன்றைக்கு மூன்று லேத்துக்கும் ஒரு கம்ப்யூட்டர் மெஷினுக்கும் முதலாளி. கள்ளிக்குப்பத்தில் மாடியோடு சொந்த வீடு. பெரிய படிப்புப் படித்தவன் பட்டறைக்குள் வந்தால் கைகட்டி நிற்க மாட்டார். அவனைத்தான் நிற்க வைப்பார்.

இவ்வளவுக்கும் காரணம் உழைப்பு என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். கலியமூர்த்தி அப்படிச் சொல்ல மாட்டார். உழைக்காதவன் எவன்? தான் எதையும் நம்பாததுதான் காரணம் என்பார். சரி பார்த்தாயிற்று என்று சீட்டு கட்டி அடுக்கிய பெட்டியை, வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கவிழ்த்துப் போட்டு, பத்துக்கு ஒன்று எடுத்து, வெர்னியரை வைத்துத் தானே ஒரு முறை அளந்து பார்ப்பார். "சீட்டுல கையெழுத்து போட்டவன் அளந்து போட்டானா, அளந்ததா நெனச்சிகினு போட்டானா? அத்த யாரு எனக்குச் சொல்றது?" என்று கேட்பார்.

அதே கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவார். கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் ஏற்றாமல் உள்ளே விடமாட்டார். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். மனைவி ராணிக்கு முப்பத்தைந்து வருஷப் பழக்கம், கண்டுகொள்ள மாட்டாள். மகன் பிரசன்னா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், சிரித்துவிட்டுப் போய்விடுவான். புதிதாக வந்தவள் மருமகள் சௌம்யாதான். ஆவடி சேக்காட்டுப் பெண். அவள் அப்பா டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், ஒழுங்கான பெண் என்று கலியமூர்த்தியே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லித்தான் கட்டி வைத்தார்.

சௌம்யாவுக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த டப்பா அவர் கண்ணில் பட்டது.

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, கட்டை விரல் உயரம். இரும்புச் சத்து, கால்சியம், இன்னும் ஏதேதோ மாத்திரையெல்லாம் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு தட்டில் எல்லோரும் பார்க்கத்தான் இருந்தன. இது மட்டும் அவள் கைப்பைக்குள் இருந்தது. காலையில் ராணி மாடிக்குத் துணி காயப்போடப் போனதும், சௌம்யா அதிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீரில் விழுங்கி, டப்பாவை மறுபடி பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். பட்டறைக்குக் கிளம்பி, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்த கலியமூர்த்தி அதைக் கூடத்து வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் மூக்குக்கண்ணாடியை வேண்டுமென்றே மறந்தார். அன்றும் அதே நேரம், அதே மாத்திரை.

மூன்றாம் நாள் அவள் குளிக்கப் போன சமயத்தில் பையைத் திறந்தார். மருமகள் பையில் மாமனார் கை வைப்பது முறையா என்றால், முறையில்லைதான். அவருக்கும் தெரியும். ஆனால் டப்பாவைக் கையில் எடுத்ததும் அந்த வெட்கம் போய்விட்டது. காரணம், டப்பாவில் லேபிள் இல்லை. தானாக உரிந்து விழவில்லை, நகத்தால் சுரண்டி எடுத்திருந்தது. பசை மட்டும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

பேர் தெரியக்கூடாது என்றுதானே ஒருத்தர் லேபிளைச் சுரண்டுவார்? பேர் ஏன் தெரியக்கூடாது? ஒரே ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்தை ஒட்டி மருந்துக் கடை வைத்திருக்கும் யூசுப் இருபது வருஷப் பழக்கம். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கலியமூர்த்தி மாத்திரையை நீட்டினார்.

"பாய், இது இன்னா மாத்திரைன்னு பாரு."

யூசுப் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே பதித்திருந்த எழுத்தைச் செல்போனில் தட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இது யாரு சாப்புட்றது அண்ணாத்தே?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வீட்டு விஷயத்தை வெளியே விட்டுப் பழக்கமில்லாத கலியமூர்த்தி, "நம்ம பட்டறையில புச்சா ஒர்த்தன் வேலைக்கி வந்துகீறான். அவன் பையில இருந்துச்சு. வயசுப் பையன்" என்றார்.

யூசுப் குரலைத் தாழ்த்தினார். "அப்போ எச்.ஐ.வி.யா இருக்கும் அண்ணாத்தே. அதுக்குக் குடுக்கற மருந்துல இதுவும் ஒண்ணு. வேற நோவுக்கும் குடுப்பாங்க, ஆனா வயசுப் பையன்னு சொல்ற. பாவம், வேலைய உட்டுத் தூக்கிடாத. கூட நின்னு வேலை செஞ்சா ஒட்டிக்காது."

கலியமூர்த்திக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. எதிரே போன பஸ், ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன் எல்லாம் சத்தமில்லாமல் போவது போல் இருந்தது. பட்டறைக்குப் போனார். மெஷின் முன்னால் நின்றார். ஒரு ஷாஃப்ட்டை எடுத்து அளந்தார், என்ன அளவு என்று மறந்துபோய் மறுபடி அளந்தார்.

வந்தது எங்கிருந்து? அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்ததா? சேக்காட்டுக்காரர்கள் தெரிந்தே தலையில் கட்டிவிட்டார்களா? இல்லை, பிரசன்னா பெங்களூரில் ரெண்டு வருஷம் இருந்தானே, அங்கே ஏதாவது? மகனையே சந்தேகப்பட வேண்டியதாகிவிட்டதே என்று ஒரு கணம் தன்மேலேயே கோபம் வந்தது. அப்புறம் அந்தப் பக்கமும் யோசித்து வைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலே, வயிற்றில் இருக்கும் பிள்ளை. அதற்கும் தொற்றிக்கொண்டு விட்டதா?

கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். கேட்டால் பொய் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றியது. மெஷினில் எங்கோ கோளாறு, எங்கே என்று தெரியவில்லை என்றால், சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். எது தடுமாறுகிறதோ அங்கேதான் கோளாறு. மறுநாள் காலை டப்பாவைக் கழற்றிவிட்டார். அதாவது, அவள் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறை மேஜை இழுப்பறைக்குள், டிரில் பிட் டப்பாக்களுக்கு நடுவே வைத்துப் பூட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீடு திரும்பியதும் சௌம்யாவின் முகத்தைப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குள், அழுக்குத் துணிக் கூடையில் என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். ராணி என்னம்மா தேடுறே என்றதற்கு, கம்மலின் திருகு என்றாள். கலியமூர்த்தி அவள் காதைப் பார்த்தார். ரெண்டு காதிலும் திருகு இருந்தது.

இரண்டாம் நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பிரசன்னாவோடு மாடிக்குப் போய் மெதுவான குரலில் ஏதோ பேசினாள். ஓஹோ, அவனுக்கும் தெரியும். கலியமூர்த்தி அதையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை நாஷ்டாவுக்கு நான்கு பேரும் உட்கார்ந்திருந்தபோது, சௌம்யா இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"மாமா, என் மாத்திரைய எடுத்தீங்களா?"

எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கலியமூர்த்தி அசரவில்லை. "எடுத்தேன். இன்னா நோவுன்னு சொல்லிட்டு வாங்கிக்க."

"யோவ், இன்னா மாத்திரை? இன்னா எடுத்தே?" என்றாள் ராணி.

"உன் மருமவளக் கேளு. லேபிளச் சொரண்டிட்டுத் துன்னுகினுகீறா."

"நைனா," என்றான் பிரசன்னா, "ரெண்டு நாளா அவ மாத்திரை போடல. அது ஒரு நாள்கூட விடக்கூடாத மாத்திரை. நீ பாட்டுக்கு எடுத்துகினு போயி..."

"நீ பேசாத. உங்கிட்ட அப்பால வரேன்."

சௌம்யா பிரசன்னாவைக் கையமர்த்தினாள். "எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு மாமா. ஈரல்ல வர்ற வைரஸ். மூணாவது மாசம் ரத்தம் டெஸ்ட் பண்ணப்பதான் எனக்கே தெரியும். குழந்தைக்குப் போயிடக் கூடாதுன்னுதான் அந்த மாத்திரை. லேபிளக் கிழிச்சது நான்தான். நீங்க எல்லாத்தையும் எடுத்துத் திருப்பிப் பாப்பீங்க, நம்பர் படிப்பீங்க, யார்கிட்டயாவது கேப்பீங்க. அந்த பயத்துலதான் கிழிச்சேன்."

"ஈரல்ன்ற. மருந்துக் கடையில வேற சொன்னான்."

"என்ன சொன்னாரு?"

கலியமூர்த்தி சொன்னார். சௌம்யா அதைக் கேட்டு அழுவாள் என்று நினைத்தார். அவள் எழுந்து, தன் பீரோவிலிருந்து மருத்துவமனை ஃபைலைக் கொண்டு வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "அந்த டெஸ்ட்டும் இதுல இருக்கு. இல்லைன்னு வந்திருக்கு. படிச்சுப் பாருங்க."

இங்கிலீஷில் இருந்தது. அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே வைத்தாளா என்று அதற்கும் ஒரு சந்தேகம் அவருக்கு வந்தது.

"காயிதத்துல இன்னா வேணா அடிக்கலாம்," என்றார். "டாக்டரம்மாவ நான் பாக்கணும். என் காதால கேக்கணும்."

டப்பா அன்றைக்கு முற்பகலே அவள் கைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் நான்கு பேரும் அம்பத்தூரில் அவள் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கலியமூர்த்தி நடந்ததைச் சொன்னதும், அவர் முதலில் கேட்டது, "எத்தனை நாள் மாத்திரை போகல?" என்பதுதான். ரெண்டு நாள் என்றதும் கலியமூர்த்தியை ஒரு பார்வை பார்த்தார். கலியமூர்த்தி முப்பத்தோரு வருஷமாகப் பட்டறையில் மற்றவர்களைப் பார்த்துப் பழகிய பார்வை அது.

"இவங்க ரத்தத்துல கிருமி ஏராளமா இருக்கு. அதைக் குறைக்கத்தான் கடைசி மூணு மாசமும் இந்த மாத்திரை. நடுவுல விட்டா கிருமி மறுபடி ஏறும், இவங்க ஈரலும் கெடும். போன ரெண்டு நாள் போகட்டும். இனிமே ஒரு வேளை போச்சுன்னா நான் உங்களைத்தான் கேப்பேன்."

"இது எங்கருந்து வந்துச்சுன்னு தெரியணும்மா," என்றார் கலியமூர்த்தி.

"பெரும்பாலும் பிறக்கும்போது. அம்மாகிட்டேருந்து குழந்தைக்கு. இவங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். அந்தக் காலத்துல யாரும் டெஸ்ட் பண்ணல, ஊசி போடல. சின்னக் குழந்தைக்கு வந்தா நூத்துல தொண்ணூறு பேருக்கு உடம்பை விட்டுப் போகாது. அப்படியே தங்கி, முப்பது நாப்பது வயசுல ஈரலைச் சுருக்கிடலாம். சில பேருக்குப் புத்து நோய் வரைக்கும் போகும்."

"அப்போ எம் பேரப்புள்ளைக்கு?"

"அதுக்குத்தான் ரெண்டு ஊசி. குழந்தை பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள. ஒண்ணு தடுப்பூசி. இன்னொண்ணு இம்யூனோகுளோபுலின்னு பேரு, கிருமியை உடனே பிடிச்சு அடக்குறதுக்கு. ரெண்டும் போட்டா தப்பிக்கும். அந்த ரெண்டாவது ஊசி எல்லாக் கடையிலயும் இருக்காது. ஐஸ்லயே வெச்சிருக்கணும். நீங்கதான் முன்கூட்டியே சொல்லி வெச்சு, வாங்கிட்டு வந்து குடுக்கணும்."

கலியமூர்த்தி அந்த ரெண்டு ஊசியையும் பன்னிரண்டு மணி நேரத்தையும் மனசில் இறுக்கி முடிந்துகொண்டார். அதற்காக மருமகள்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்ததா என்றால் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே வீட்டார் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஒருவருக்கும் நோய் இல்லை என்று வந்தது, தடுப்பூசியும் போட்டார்கள். அவர் அதோடு விடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பாடியில் வேறொரு லேபுக்குப் போய்த் தன் ரத்தத்தை இன்னொரு முறை கொடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே முடிவு வந்ததும்தான் முதல் லேப்காரன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

சௌம்யா அவரோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். சாப்பாடு போடுவாள், மாமா என்பாள், அவ்வளவுதான். காலையில் மாத்திரையை இப்போது அவர் எதிரிலேயே, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். அது அவருக்கு என்னவோ செய்தது.

ஒன்பதாவது மாதம் வளைகாப்பு. சேக்காட்டிலிருந்து சம்பந்தியம்மாள் பஞ்சவர்ணம் ஏழு தட்டு வரிசையோடு வந்திருந்தாள். பரிசோதித்ததில் அவளுக்கும் அந்தக் கிருமி இருப்பது தெரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தன்னிடமிருந்துதான் மகளுக்குப் போனது என்று தெரிந்தபின் அந்த அம்மாள் கலியமூர்த்தியின் முகத்தைப் பார்க்கவே கூசினாள். அவர் அதைக் கவனித்தார், ஆனால் அன்றைக்கு அவர் கவனமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. பெண்கள் கூட்டத்துக்கு நடுவே அவர் தலையை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார்.

"இன்னாயா ஆம்பளைக்கு இங்க வேலை?" என்றாள் ராணி.

"கண்ணாடி வளையலு," என்று அவள் காதில் சொன்னார். "ஒர்த்தர் கையை ஒர்த்தர் புடிச்சி அமுக்கி ஏத்துறீங்க. ஒண்ணு ஒடஞ்சி குத்துச்சின்னா ரத்தம் வரும். ரத்தத்துலதான் கீதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பித்தள வளையலா போடச் சொல்லு."

"நீ போயி பிரியாணி வெந்துச்சான்னு அளந்து பாரு, போ."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ராணியின் காதில் சொன்னது சௌம்யாவுக்குக் கேட்டுவிட்டது. அவள் சிரிக்கவில்லை. சந்தனம் பூசிய கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அடுத்த வளையலை நீட்டிய பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "மெதுவா, அக்கா" என்றாள். வளையல் ஒன்றும் உடையவில்லை. முதல் பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்ற முறைப்படி அன்று சாயங்காலமே அவளைச் சேக்காட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆஸ்பத்திரி மட்டும் அதே அம்பத்தூர் ஆஸ்பத்திரிதான் என்று கலியமூர்த்தி பஞ்சவர்ணத்திடம் மூன்று முறை சத்தியம் வாங்கினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரெண்டே முக்கால் கிலோ.

செய்தி வந்ததுமே கலியமூர்த்தி யூசுப்பின் வீட்டுக் கதவைத் தட்டினார். டாக்டரம்மா சொன்ன அந்த ரெண்டாவது ஊசி மருந்து மூன்று வாரமாக யூசுப்பின் கடை ஃபிரிட்ஜில் காத்திருந்தது. யூசுப் அதைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அடைத்துக் கொடுத்தார். "அன்னிக்கே மருமவளுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேற மாதிரி சொல்லியிருப்பேன் அண்ணாத்தே. மாசமா கீற பொண்ணுக்கு இந்த மாத்திரைன்னா ஈரலுக்குத்தான்னு எனக்குத் தெரியாதா?" என்றார். கலியமூர்த்தி பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் பெட்டியைக் கொடுத்தார். இரவு வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டார், சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள். பத்தரை மணிக்குப் பகல் நர்ஸ் விஜி குழந்தையைத் துடைத்துச் சுற்றிக் கொண்டுவந்து சௌம்யாவின் பக்கத்தில் கிடத்தினாள்.

"ஊசி போட்டாச்சாம்மா?" என்றார் கலியமூர்த்தி.

"ரெண்டு ஊசியும் போட்டாச்சு அங்கிள்."

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். பட்டாணி அளவு வட்டப் பிளாஸ்டர், தொடைக்கு ஒன்றாக ரெண்டு. டாக்டரம்மா சொன்ன கணக்கும் ரெண்டு. துணியைப் போர்த்தினார். அறையில் இருந்த எல்லோரும் மூச்சு விட்டார்கள். பஞ்சவர்ணம் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அது ரெண்டு கட்டில் போட்ட அறை. பிற்பகல் நாலு மணி இருக்கும், பக்கத்துக் கட்டில் குழந்தைக்கு அதன் பாட்டி துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் மருமகன் லோகேஷ் மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கலியமூர்த்தி எட்டிப் பார்த்தார். அந்தக் குழந்தையின் தொடையிலும் வட்டப் பிளாஸ்டர். ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் ஒன்று.

 எழுந்து போய், குரலைத் தாழ்த்தி, "உங்க ஊட்லயும் இந்த ஈரல் நோவு கீதா?" என்று கேட்டார்.

"இன்னா நோவு?" என்றாள் அந்தப் பாட்டி.

"இல்ல, தாய்க்கு இருந்து புள்ளைக்கு வர்றது. அதுக்குத்தான ரெண்டு ஊசி?"

"யாருக்கு நோவு? எம் பொண்ணு கல்லு மாதிரி கீறா. பொறந்த புள்ளைங்க எல்லாத்துக்கும்தான் ரெண்டு ஊசி போட்றாங்க, ரத்தம் உறையறதுக்கு ஒண்ணு, காமாலைக்கு ஒண்ணு. இன்னா பெர்சு, வந்து நோவு கீவுன்ற?"

"ஹலோ, உங்க கட்டில்ல போய் உக்காருங்க சார்" என்றான் லோகேஷ்.

கலியமூர்த்தி திரும்பி வந்தார். நோயே இல்லாத வீட்டுக் குழந்தைக்கும் ரெண்டு. நோய் இருக்கிற வீட்டுக் குழந்தைக்கும் ரெண்டு. சரியான துண்டோடு சந்தேகத்துண்டை ஒட்டி வைத்துப் பார்த்தாயிற்று. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. இருக்கக் கூடாதே. நம் குழந்தைக்கு ஒன்று கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்?

"பிரசன்னா, ஐஸ் பெட்டியில குடுத்த ஊசி போடலடா."

"நைனா, ஆரம்பிச்சிட்டியா?"

"பக்கத்துப் புள்ளைக்கும் ரெண்டு கீது. நம்ம புள்ளைக்கு மூணு இருக்கணும்."

"டாக்டர் ரெண்டுன்னுதான சொன்னாங்க? நீயே காலைல எண்ணிப் பாத்த. நர்ஸ் கார்டுல டிக் போட்டிருக்காங்க, இதோ பாரு."

"டிக் யார் வேணா போடுவான்."

"யோவ், புள்ள பெத்தவ படுத்துகினுகீறா," என்றாள் ராணி. "இங்கயும் வந்து ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட வம்பு இழுக்காத. பேசாம உக்காரு. இல்லாட்டி ஊட்டுக்குப் போ."

கலியமூர்த்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகால். ஏழு இருபதோடு பன்னிரண்டு மணி நேரம் முடிகிறது. அவருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்று புரிந்தது. தான் சொல்வது சரி, அதை நம்ப அந்த அறையில் ஒருவரும் இல்லை. மாத்திரை டப்பாவைப் பூட்டி வைத்தவன் சொல்லை யார் நம்புவார்கள்?

கட்டிலிலிருந்து சௌம்யாவின் குரல் வந்தது.

"அந்தக் குழந்தைக்கு எத்தனை பிளாஸ்டர் மாமா?"

"ரெண்டு தாயி. எங்கண்ணால பாத்தேன். நோவு இல்லாத புள்ளைக்கே ரெண்டு."

அவள் பக்கத்தில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"ரத்தம் உறையறதுக்கு வைட்டமின் ஊசி ஒண்ணு," என்றாள். "அது எல்லாருக்கும். காமாலைத் தடுப்பூசி ஒண்ணு. அதுவும் இப்ப எல்லாருக்கும்." முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள், வலியில் முகம் சுளித்தது. "பிரசன்னா, விஜி சிஸ்டரக் கூப்பிடு. இப்பவே."

விஜி வந்தாள். "ரெண்டும் போட்டுட்டேன் மேடம்" என்று அதையே சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. எல்லாக் குழந்தைக்கும் போடும் அந்த ரெண்டைத்தான் அவள் போட்டிருந்தாள், அந்த ரெண்டைத்தான் சொன்னாள். இவர்கள் தங்கள் ரெண்டை நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டார்கள்.

"ஐஸ் பெட்டியில ஒரு மருந்து குடுத்தேனேம்மா, காலி பாட்டில் எங்க?" என்றார் கலியமூர்த்தி.

"ஐஸ் பெட்டியா?"

"எட்டு மணிக்கு. கையெழுத்து கீது." சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார்.

விஜியின் முகம் மாறியது. வெளியே ஓடினாள். கலியமூர்த்தியும் பின்னாலேயே போனார், யாரும் தடுக்கவில்லை. நர்ஸ்கள் மேஜைக்குப் பின்னால் இருந்த ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல் தட்டில், இன்சுலின் டப்பாக்களுக்குப் பின்னால், யூசுப் ஒட்டிய பச்சை டேப் பிரிக்கப்படாமல் பெட்டி அப்படியே இருந்தது. இரவு நர்ஸ் வேலை மாற்றும்போது எல்லாம் சொல்லியிருக்கிறாள், இதைச் சொல்ல விட்டுப் போயிருக்கிறது.

பத்து நிமிஷத்தில் டாக்டரம்மா வந்துவிட்டார். விஜியை அங்கே வைத்து ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் என் ரூமுக்கு வா என்று மட்டும் சொன்னார். மருந்துச் சீசாவைப் பெட்டியிலிருந்து எடுத்தார். கலியமூர்த்தி கையை நீட்டினார். டாக்டரம்மா ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும். காலாவதி மாதத்தையும் வருஷத்தையும் பார்த்தார், சீசாவை வெளிச்சத்தில் தூக்கிக் கலங்கல் இருக்கிறதா என்று பார்த்தார், குளிர்ச்சி இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"குழந்தையை யாராவது பிடிச்சுக்கணும்," என்றார் டாக்டரம்மா.

ராணி முன்னால் வந்தாள். "மாமா பிடிக்கட்டும் அத்தை," என்றாள் சௌம்யா. "அவரு கையில அசையாது."

நாற்பத்தெட்டு வருஷமாக இரும்பு பிடித்த கை. இவ்வளவு மெத்தென்ற ஒன்றை அது பிடித்ததில்லை. ஊசி இறங்கியதும் குழந்தை முகம் சிவந்து, மூச்சை இழுத்து, அறை அதிர அழுதது. கலியமூர்த்தியின் கை அசையவில்லை. மணி நாலு ஐம்பது. மூன்றாவது பிளாஸ்டரை டாக்டரம்மா ஒட்டினார்.

"இப்ப நோவு வராதில்லம்மா?"

"பெரும்பாலும் வராது. அடுத்தடுத்த தடுப்பூசி தவறாமப் போடணும். ஒன்பது மாசத்துக்கு மேல ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

"அதுக்கு முன்னால பாக்க முடியாதா? ஆறு மாசத்துல, வேற லேபுல?"

"முடியாது. பாத்தாலும் சரியாத் தெரியாது."

ஒன்பது மாதம். ஒரு துண்டை அளக்காமல் ஒன்பது நாள்கூட வைத்திருந்தவர் இல்லை அவர். அழுகை ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்த குழந்தையைச் சௌம்யாவின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார், துணியின் நுனியை லேசாகப் பிடித்துக்கொண்டு.

"பாருங்க மாமா," என்று சௌம்யாவே துணியை விலக்கினாள். "எண்ணிக்கோங்க."

கலியமூர்த்தி குனிந்து எண்ணினார்.